கடம்பையில் ஆள் இல்லை என்னும் வாதம்

வெற்றி உண்டாகுக. வெண்ணுரையாறு தன் இரு கரைக்குள்ளே அடங்கி ஓடுக. கரை காப்பவர் கண் அயராதிருக்க.

வெண்ணுரைநாட்டு மணிமுடி தரித்து, புனல்மாடப் பட்டினத்தில் வீற்றிருந்து, குடிகள் குறை கேட்டு முறை செய்தருளும் பேரரசி மணிமுடிச்செல்வியாருக்கு ஆட்சியாண்டு பன்னிரண்டாவது, ஐப்பசித் திங்கள் பதினேழாம் நாள் முற்பகலில், மூதமைச்சரும் நாட்டுத் தேர்வுகளுக்கெல்லாம் தலைவருமாகிய ஓதலூர் கிழார் வயமானார் சொல்ல, ஓலைநாயகம் இளம்போதன் எழுதியது. மதகூரில் இருந்து தென்கரையைக் காத்துவரும் படைத்தலைவர், ஏழு மதகுக்கும் உரியவர், அரையர் கொற்றவேளார் காண்க. உமக்கும், உம் வீரர்க்கும், நான்கு நாளாக மழையில் நனைந்துகொண்டே நிற்கும் உம் குதிரைகளுக்கும் நலம் உண்டாகுக.

நேற்று விடியலில் இதே நாரை முத்திரையோடு ஓர் ஓலை உம்மை நோக்கிப் புறப்பட்டது. அது நேற்று மாலையே உம் கைக்கு வந்திருக்கும். அளவுகல்லின் ஏழாம் படியை வெள்ளம் தொட்டவுடன் தென்கரையை வெட்டி நீரைக் கடம்பைத் தாழ்நிலத்தில் விடுக, அதனால் பட்டினம் பிழைக்கும், கடம்பையில் ஆள் இல்லையாதலால் உயிர்ச்சேதமும் இராது என்பது அதில் கண்ட ஆணை. ஐந்தாம் படி நனைந்துவிட்டது என்று நேற்றிரவு நீர் அனுப்பிய செய்தி இன்று காலை இங்கே வந்து சேர்ந்தது. இப்போது எந்தப் படியில் நிற்கிறதோ, அதை நீரே அறிவீர். இந்த ஓலை அந்த ஓலைக்கு எதிரோலை. கரையை வெட்டாதீர் என்று சொல்ல வருகிறது.

இப்படி மொட்டையாகச் சொன்னால் நீர் கேட்கமாட்டீர்; கேட்கவும் கூடாது. ஒரே முத்திரையில் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு ஓலைகள் வந்தால், பிந்தி வந்தது என்பதற்காகப் பிந்தியதை ஏற்காமல், இரண்டிலும் உள்ள வாதங்களை எடைபோட்டு, வலியது எதுவோ அதன்படி நடக்கவேண்டும் என்பது நம் நாட்டு நெறி. கள்ள ஓலை ஒன்றை நம்பி ஒரு கோட்டையையே பறிகொடுத்த பிறகு வந்த நெறி அது. அதை வகுத்தவர் வயமானார். எதிரோலை விடுப்பவர் தம்மை 'யான்' என்று சொல்லிக்கொள்ளக்கூடாது, சொன்னால் பதவியின் கனம் வாதத்தின் கனமாகிவிடும் என்று விதித்தவர் அவர். சொல்லிவிட்டு அடித்த வரிகளையும் மறைக்காமல் காட்டவேண்டும், யார் என்ன பேசினாரோ அதை அவர் பேசியபடியே எழுதவேண்டும் என்று விதித்தவரும் அவரே. இன்று அந்த விதிகள் எல்லாம் அவர் காலையே சுற்றிக்கொண்டன. வாசலில் குதிரை சேணத்தோடு நிற்கிறது. அவர் கூடத்தை மேற்கும் கிழக்குமாக அளந்துகொண்டிருக்கிறார். ஓரிடத்தில் உட்கார்ந்து சொன்னால் எழுதுகிற கைக்கு எளிதாக இருக்கும். அதை அவரிடம் சொல்லும் துணிவு எழுதுகிறவனுக்கு இல்லை.

நடந்ததை முதலிலிருந்து கேளும். ஆண்டுதோறும் ஐப்பசி பதினைந்தில் பட்டினத்தில் எடைத்தேர்வு நடப்பதை நீர் அறிவீர்; அதில் தேறித்தான் நீரும் அந்தப் பதவிக்கு வந்தீர். ஒரு கேள்வி கொடுக்கப்படும். அதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் சில வாதங்கள் தரப்படும். ஒவ்வொன்றின் எதிரிலும் வலியது அல்லது மெலியது என்று குறியிடவேண்டும், அவ்வளவுதான். வாதத்தில் சொல்லப்பட்ட செய்தி மெய்யா பொய்யா என்று கேட்கக்கூடாது. மெய் என்றே வைத்துக்கொண்டு, அது கேள்வியைத் தொடுகிறதா, தொட்டால் முடிவை அசைக்கும் அளவுக்குப் பாரம் உடையதா என்று மட்டும் பார்க்கவேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தேர்வுக்குக் கேள்வி அமைப்பவர் வயமானார். கேள்வி அமைத்து அமைத்து, யார் எதைச் சொன்னாலும் அதை மெய் என்று வைத்துக்கொண்டே எடைபோடும் வழக்கம் அவருக்கு ஊறிப்போயிற்று. இதை அவரே சொல்கிறார். சொல்லும்போது முகம் சிவந்தது.

இந்த ஆண்டு அவர் ஒரு காரியம் செய்தார். கரையை வெட்டலாமா என்று அரசவையில் மூன்று நாள் நடந்த வழக்கையே, ஊர்ப் பெயரையும் ஆற்றின் பெயரையும் நீக்கிவிட்டு, தேர்வுக் கேள்வியாக்கினார். ஓர் ஆறு பெருகுகிறது, ஒரு பட்டினம் மூழ்கும், கரையை வெட்டி ஒரு தாழ்நிலத்தில் நீரை விடலாமா என்பது கேள்வி. முன்னோர் காலத்திலும் வெட்டினார்கள், ஆகவே வெட்டலாம் என்பது ஒரு வாதம். அன்று செய்தது இன்றைக்கும் பொருந்தும் என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஆகவே மெலியது. வெட்டச் சொல்பவர் அந்தத் தாழ்நிலத்து மணலுக்கு ஆசைப்படுகிறவர், ஆகவே வெட்டக்கூடாது என்பது இன்னொன்று. அது சொன்னவரை வைதது, சொன்னதைத் தொடவில்லை. ஆறு தாய், தாயின் உடம்பில் வெட்டு விழலாமா என்பது மூன்றாவது. கேட்கக் கண் கலங்கும், கேள்விக்கு விடை ஆகாது. தாழ்நிலத்தில் ஆள் இல்லை, பட்டினத்தில் எண்பதாயிரம் பேர் இருக்கிறார்கள், ஆகவே வெட்டலாம் என்பது நான்காவது. அதுதான் வலியது. அரசவை அதன்படிதான் முடிவு செய்தது.

அறுபத்து மூன்று பேர் தேர்வு எழுதினர். அறுபத்து மூவரும் நான்காவது வாதத்துக்கு வலியது என்றே குறியிட்டனர். தம் தீர்ப்பை இத்தனை பேர் ஒருவரோடொருவர் பேசாமல் ஒத்துக்கொண்டார்கள் என்று வயமானாருக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியிலேயே மறுநாள் விடியலில் உமக்கு ஓலை விடுத்து முத்திரை வைத்தார். மெய்யா என்று கேட்கக்கூடாது என்று தாமே வாயை அடைத்துவிட்டு, யாரும் மறுக்கவில்லையே என்று மகிழ்ந்த பேதைமையை, கொற்றவேளாரே, அவர் உம்மிடம் மறைக்கவில்லை.

அறுபத்து மூன்றில் ஓர் ஓலை தள்ளப்பட்டிருந்தது. நான்காவது வாதத்தின் எதிரே வலியது என்று குறியிட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தது. குறிக்கு மேல் ஓர் எழுத்து இருந்தாலும் ஓலை தள்ளப்படும் என்பது விதி. தள்ளிய ஓலையைத் தேர்வு வைத்தவரே தம் கையால் எழுதியவரிடம் திருப்பித் தரவேண்டும் என்பது வழக்கம். அதன்படி இன்று காலை அந்த ஓலைக்கு உரியவர் வந்தார். பெயர் ஏழிலி. பட்டினத்து மேலைத்தெருவில் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. நாற்பது வயது இருக்கும். அவர் கையில் பிறந்தவர்கள் அரண்மனைக் காவலிலேயே பதினோரு பேர் இருக்கிறார்கள். அதனால்தான் வாசலில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஓரத்தில் அவர் எழுதியிருந்தது இது: ஆள் இல்லை என்று பார்த்தவர் எந்த மாதத்தில் பார்த்தார்.

வயமானார் சற்றுக் கடுமையாகவே, மெய் பொய் கேட்கலாகாது என்ற விதி தெரியாதா என்றார். அதற்கு ஏழிலி, "தெரியும் ஐயா. அதான் நடுவுல கேக்கல, ஓரத்துல கேட்டேன்" என்றார். கேட்டே ஆகவேண்டிய காரணம் என்ன என்று வினவியபோது அவர் சொன்னதை, விதிப்படி, அவர் வாய்மொழியாகவே எழுதுகிறேன். "எங்கிட்ட ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து, வயித்துல ஒண்ணுமில்ல, பாத்தாச்சுன்னு சொன்னா, எந்த மாசத்துல பாத்தீங்கன்னுதான் நான் முதல்ல கேப்பேன். ரெண்டாம் மாசத்துல பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு போனவங்க, எட்டாம் மாசத்துல அலறிக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பாங்க. ஊரு மட்டும் வருஷம் முழுக்க ஒரே மாதிரியா இருக்கும்?" அது எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. கடம்பையை அவர் பார்த்ததுமில்லை.

வயமானார் சுவடிச்சாலைக்கு ஓடினார், ஓடினார் என்றே எழுதுகிறேன், அறுபத்தெட்டு வயதில் மேலாடை நழுவுவதும் தெரியாமல் ஓடினார். நில அளவர் எழுதிய கடம்பை ஓலையை எடுத்தார். நாற்பத்திரண்டு குடில், ஓர் அடுப்பிலும் சூடு இல்லை, ஆள் இல்லை என்று அதில் இருந்தது. அளவர் பொய் சொல்லவில்லை. ஓலையின் தலைப்பில் இருந்த திங்கள் ஆனி. அரசவையில் அந்த ஓலையைப் பதினான்கு பேர் கையில் வாங்கிப் பார்த்தார்கள். தலைப்பை ஒருவரும் படிக்கவில்லை. வாதம் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து படித்தார்கள்.

கடம்பைக் குடிகள் வாத்து மேய்ப்பவர்கள். கோடையில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு அறுப்பு முடிந்த வயல்களைத் தேடி மேல்நாட்டுக்குப் போவார்கள். மழை விழுந்து தாழ்நிலத்தில் தண்ணீர் நின்றதும் திரும்பி வருவார்கள் என்கிறார் அரண்மனை மடைப்பள்ளி மேலாளர் பொதியன். அவரை ஏன் கேட்டோம் என்றால், சுவடிச்சாலைக்குப் பின்னாலேயே வந்த ஏழிலி, தாழ்நிலத்து ஆட்கள் என்ன பிழைப்புப் பிழைக்கிறார்கள் என்று கேட்டார், வாத்து என்றதும், "அப்ப முட்டை எங்க போகுதுன்னு கேளுங்க" என்றார். முட்டை மடைப்பள்ளிக்கு வருகிறது. சென்ற கிழமை நான்கு கூடை வந்தது. கொண்டுவந்தவள் கடம்பைப் பெண், கைப்பிள்ளையோடு வந்தாள், பிள்ளைக்குப் பால்சோறு கொடுத்து அனுப்பினோம் என்று பொதியன் சொன்னார். உமக்கு ஓலை விடுத்த அன்று காலை வயமானார் உண்டது அந்த முட்டையில் ஒன்று.

இனி வாதத்துக்கு வருவோம். வயமானார் முதலில் சொன்ன வரி, நாட்டின் மூதமைச்சர் சொல்கிறார், கேளாவிட்டால் தலை போகும் என்பது. அச்சுறுத்தல் வாதம் ஆகாது என்று அவரே அடிக்கச் சொன்னார், அடித்தேன். அடுத்து, கைப்பிள்ளைக்காரி ஒருத்தி நீரில் மிதப்பதை எண்ணிப்பாரும் என்றார். மூன்றாவது வாதத்தைத் தேர்வில் எந்தக் காரணத்துக்காகத் தள்ளினாரோ அதே காரணத்தால் அதையும் தள்ளினார். ஆனால் அதை அடிக்க, இரண்டு முறை கூடத்தைச் சுற்றி வந்த பிறகே கையசைத்தார். கீழைத்தெருவில் முதலில் மூழ்கும் வீடுகளில் தம் வீடும் ஒன்று, ஆகவே தம் நலம் கருதி இந்த எதிரோலை இல்லை என்று பிறகு சொன்னார். அது அவர் நல்லவர் என்பதைக் காட்டுமே தவிர, கடம்பையில் ஆள் இருப்பதைக் காட்டாது. அதுவும் அடிக்கப்பட்டது. இவற்றை அடித்து முடிப்பதற்குள் வாசலில் குதிரை கனைத்துத் தீர்த்துவிட்டது.

எஞ்சியது இது. முதல் ஓலையின் வாதம், கடம்பையில் ஆள் இல்லை என்ற ஒற்றைச் செய்தியின்மேல் நிற்கிறது. அந்தச் செய்தி ஆனித் திங்களுக்கு உரியது. நடப்பது ஐப்பசி. இடையில் குடிகள் திரும்பினார்கள் என்பதற்கு நான்கு கூடை முட்டையும் ஒரு பெண்ணும் சான்று. இதிலும் ஓட்டை உண்டு, அதை மறைக்கக்கூடாது என்பதும் விதி. முட்டை வந்து ஏழு நாளாயிற்று. அதன் பிறகு மழையைக் கண்டு அவர்கள் வேறெங்காவது ஒதுங்கியிருக்கலாம். ஒரு பெண் வந்ததால் நாற்பத்திரண்டு குடிலும் நிறைந்திருக்கின்றன என்று ஆகிவிடாது. இளம்போதா, நீர் இந்த இடத்தில் இந்த ஓலையை வலியது என்பீரா, மெலியது என்பீரா என்று வயமானார் என்னைக் கேட்டார். ஓலைநாயகத்துக்கு எடைபோடும் உரிமை இல்லை என்றேன்.

எதிர்த்தரப்பின் வலிய வாதத்தையும் சொல்லவேண்டும். கரையை வெட்டாவிட்டால் கீழைத்தெரு முழுதும் நீர் ஏறும். அங்கே நோயாளர் இல்லம் இருக்கிறது, அதில் எழுந்து நடக்க இயலாதவர் முந்நூறு பேர் இருக்கிறார்கள். இது கற்பனை இல்லை, எவரும் போய் எண்ணிப் பார்க்கலாம். இதை வயமானார் இன்று காலையிலேயே பேரரசியாரிடம் தெரிவித்தார். பேரரசியார் வாதம் எதுவும் கேட்கவில்லை. நோயாளிகளைச் சுமக்கத் தோள் உள்ளவர்கள் பட்டினத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கடம்பையில் போய்ச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை என்று மட்டும் சொல்லி, அரண்மனையின் மேல்மாடத்தையும் தம் பள்ளியறையையும் திறந்துவிட ஆணையிட்டருளினார். இதை எழுதும்போதே கட்டிலோடு சுமந்து வருகிறார்கள். படிக்கட்டில் சுமப்போர் குரல் கேட்கிறது. மாலைக்குள் எல்லாரும் மேலே வந்துவிடுவார்கள். ஆகவே அந்த வாதத்தின் பாரம் மணிக்கு மணி குறைந்துகொண்டிருக்கிறது. வீடுகள் மூழ்கும். வீடுகளைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார் வயமானார். அதைச் சொன்னபோது தம் வீட்டை நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

இத்தனையும் எழுதிய பிறகும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. இடையே, மதகூரில் கரைமேல் ஏறி நின்றால் தெற்கே கடம்பை தெரியுமே, புகை எழுகிறதா என்று பார்க்கச் சொன்னால் போதாதா என்றார். சொன்ன மறுகணமே, பெய்கிற மழையில் அடுப்பு எரியாத வீடும் உண்டு, புகையே எழுந்தாலும் மழைத்திரையில் தெரியாது, புகை இல்லை என்று கண்டால் ஆள் இல்லை என்று மறுபடியும் அதே குழியில் விழுவோம் என்று தாமே தள்ளினார். எதைத் தொட்டாலும் கையில் நிற்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறர் வாதங்களை இது மெலியது, இது மெலியது என்று தள்ளிய கைக்கு, இன்று ஒரே ஒரு வலிய வாதம் அகப்படவில்லை. ஏழாம் படி, ஏழாம் படி என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மடைப்பள்ளி மேலாளர் பொதியன் மூச்சிரைக்க வந்து ஒரு செய்தி சொன்னார். மருத்துவச்சி ஏழிலி இன்னும் வாசலில் காத்திருக்கிறார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் சுவடிச்சாலையிலிருந்து இறங்கியதும் நேரே மடைப்பள்ளிக்குப் போய், விறகு சுமக்கும் மட்டக்குதிரையைக் கேட்டு வாங்கி, ஒரு மூட்டை அவலையும் தம் மருந்துப்பையையும் அதன்மேல் போட்டுக்கொண்டு, தாழ்நிலத்துப் பாதையில் கடம்பைக்குப் புறப்பட்டுவிட்டாராம். பொதியன் தடுத்திருக்கிறார். கரையை எந்த நேரமும் வெட்டலாம், ஆள் இருக்கிறதோ இல்லையோ, இப்போது அங்கே போகாதீர் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஏழிலி சொன்னது: "பெரியவரு ஓலைய நல்லா யோசிச்சு எழுதட்டும், அது அவரு வேலை. நான் அதுக்குள்ள போயிடுறேன். அங்க ஆளு இருந்தா மேட்டுல ஏத்திவிடுறேன். இல்லாட்டியும் என்ன? நான் இருக்கேன்ல."

வயமானார் நடையை நிறுத்தினார். காலையிலிருந்து முதல் முறையாக அசையாமல் நின்றார். பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, எழுதவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மேலே உள்ள முட்டை, மாதம், முந்நூறு கட்டில் எல்லாவற்றையும் அரையர் எடைபோட்டு நேரம் போக்கவேண்டாம் என்று எழுதச் சொன்னார். முதல் ஓலை எந்தச் செய்தியின்மேல் நின்றதோ, அதைத் தேர்வில் தோற்ற ஒரு பெண், ஒரு மட்டக்குதிரையின்மேல் ஏறிப்போய்ப் பொய்யாக்கிவிட்டார். பட்டினத்திலிருந்து கடம்பைக்குக் குறுக்குப் பாதையில் மூன்று காதம், ஆற்றை ஒட்டி வளைந்து மதகூருக்கு ஆறு காதம். இந்த ஓலையை நீர் பிரிக்கும்போது அவர் அங்கே இருப்பார். வாத்து திரும்பியதா, குடி திரும்பியதா என்ற ஐயம் எல்லாம் இருக்கட்டும். அவர் இருப்பதில் ஐயம் இல்லை.

ஆகவே ஆணை இது. ஏழாம் படி நனைந்தாலும் எட்டாம் படி நனைந்தாலும் தென்கரையில் மண்வெட்டி படக்கூடாது. கடம்பையிலிருந்து ஏழிலியோ அவர் அனுப்பும் ஒருவரோ மதகூருக்கு வந்து, எல்லாரும் மேட்டில் ஏறியாயிற்று என்று உம் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதன் பின்னரே வெட்டுக. அதுவரை மணல்மூட்டை அடுக்கிக் கரையை உயர்த்துக. ஆள் போதாவிட்டால் உம் வீரர் தோள் கொடுக்க, தோள் போதாவிட்டால் நீரும் கொடுக்க. அதற்குள் பட்டினத்தில் நீர் ஏறினால் ஏறட்டும், அந்தப் பழி வயமானாரைச் சேரும். முதல் ஓலையைக் கொண்டுவந்தவரையும் இதைக் கொண்டுவருபவரையும் ஒன்றாகவே இருத்தி உணவிடுக. இருவரும் ஒருவர் பிழையைச் சுமந்து வந்தவர்கள்.

பேரரசியார் திருமுன் படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்று, நாரை முத்திரை வைத்து, ஐப்பசி பதினேழாம் நாள் நண்பகலில் அனுப்பப்பட்டது. ஓலை கண்டவர் கரை நிலைக்க. கரை நிலைத்தவர் குடி தழைக்க.

முத்திரைக்குக் கீழே, விதியில் இல்லாதபடி, வயமானார் என் எழுத்தாணியை வாங்கித் தம் கையால் எழுதிய வரி:

கொற்றவேளாரே, கடம்பையில் ஆள் இருக்கிறார். அவர் பெயர் ஏழிலி.